சுவொனில் என் பழைய கட்டா

சுவொன் நகருக்கு வேலைக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் அந்தப் பயிற்சிக்கூடம் கண்ணில் பட்டது. காய்கறிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. தென்கொரியாவில் டேக்வாண்டோ பள்ளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. சாயங்காலமானால் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்தப் பலகையில் மட்டும் 'டாங்சூடோ' என்று இருந்தது. என்னவென்று பார்த்துவிடுவோம் என்று ஏறிப் போனேன்.

எழுபதைத் தாண்டிய ஆசிரியர். மாணவர்கள் ஆறேழு பேர், எல்லோரும் வேலை முடிந்து வந்த பெரியவர்கள். என்னை ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். மாணவர் ஒருவர் நடுவில் வந்து, வணங்கி, ஆரம்பித்தார். இடப்பக்கம் திரும்பி இடது கையால் கீழே தடுத்தார். ஓரடி எடுத்து வைத்து வலது கையால் குத்து. பின்பக்கமாக முழுசாகத் திரும்பி மறுபடியும் கீழே தடுத்தார். அடுத்து, யாரோ பிடித்துக்கொண்ட கையை விடுவிப்பதுபோல வலது கையை உருவி இழுத்து, வட்டமாகச் சுழற்றி, மூடிய கையைச் சுத்தியல் மாதிரி இறக்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த அசைவு என்ன, அதற்கடுத்தது என்ன என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். திருச்சியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, பள்ளி மைதானத்துப் புழுதியில், மாஸ்டர் "இச்சி, நி, சான்" என்று எண்ண எண்ண நாங்கள் இருபது பேர் நூற்றுக்கணக்கான தடவை செய்த கட்டா அது. கட்டா என்றால் தடுப்பும் குத்தும் எப்போதும் ஒரே வரிசையில் வரும் அசைவுத் தொடர். ஹெயான் ஷோடான். கராத்தேயில் சேர்ந்தவுடன் முதலில் சொல்லித்தருவது. இருபது வருஷம் செய்யாமல் விட்டிருந்தும் கால் மறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தொடை இறுகியது.

முடிந்ததும் ஆசிரியரிடம் பெயர் கேட்டேன். "பியங்ஆன் சோதான்" என்றார். இது ஜப்பானியக் கட்டா ஆயிற்றே என்று என் அரைகுறைக் கொரிய மொழியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேசைக்குப் போய் ஒரு தாளில் இரண்டு சீன எழுத்துகளை எழுதினார். அமைதி என்று பொருள். "ஜப்பானியர் இதை ஹெயான் என்று படிப்பார்கள், நாங்கள் பியங்ஆன் என்று படிப்போம். எழுத்து ஒன்றுதான். நீங்கள் திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாம் அந்த இரண்டு எழுத்துகளில் தொடங்கியதுதான்.

அந்தக் கட்டா ஜப்பானில்கூடப் பிறக்கவில்லை. ஒகினாவாவில் பிறந்தது. இன்று ஜப்பானின் ஒரு மாகாணமாக இருக்கும் அந்தத் தீவு, முன்பு ரியூக்யூ என்ற தனி அரசின் நடுவிடம். சீனப் பேரரசருக்குக் கப்பம் கட்டி, சீனாவின் ஃபுஜோ துறைமுகத்தோடு வணிகம் செய்து வாழ்ந்த அரசு. 1609-ல் ஜப்பானின் தென்கோடியிலிருந்த சத்சுமா பிரபுக்கள் படையெடுத்து அதைப் பிடியில் வைத்துக்கொண்டார்கள். 1879-ல் ஜப்பான் அதை முழுதாகவே இணைத்துக்கொண்டது. அங்கே இருந்த கைச்சண்டைக் கலைக்கு 'தோதே' என்று பெயர். 'தோ' என்பது சீனத்தின் டாங் வம்சத்தைக் குறிக்கும் எழுத்து. அதாவது, சீனக் கை. எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள்.

இதோசு அன்கோ என்ற முதியவர் 1901 முதல் ஒகினாவா பள்ளிக்கூடங்களில் இதைக் கற்றுத்தரத் தொடங்கினார். பழைய கட்டாக்கள் நீளமானவை, பிள்ளைகளுக்குக் கஷ்டமானவை. அதனால் 1905 வாக்கில் ஐந்து சின்னக் கட்டாக்களை அமைத்தார். அவற்றுக்கு வைத்த பெயர் பினான். அதே இரண்டு எழுத்துகள்தான், மூன்றாவது உச்சரிப்பு. நான் பள்ளி மைதானத்தில் கற்றது, பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஒரு கிழவர் கட்டிக்கொடுத்தது என்று தெரிந்தபோது மனசு நெகிழ்ந்துவிட்டது.

அப்புறம் அது ஜப்பானுக்கு எப்படிப் போனது என்று பார்க்க, முதலில் ஜூடோவைத் தொட்டாக வேண்டும். 1876-ல் மேஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. சாமுராய் வகுப்பே கலைந்துபோனது. ஜுஜுத்சு என்ற பழைய கைச்சண்டை வித்தையின் ஆசான்கள் பிழைப்பில்லாமல் நின்றார்கள். அந்த நேரத்தில் கானோ ஜிகோரோ என்ற இளைஞர், வயது 21, இரண்டு பழைய ஜுஜுத்சு மரபுகளைக் கற்றுக்கொண்டு, 1882-ல் தோக்கியோவின் எய்ஷோ-ஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற இடத்தில் ஒன்பது மாணவர்களுடன் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான பிடிகளைக் கட்டாவுக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை முழு பலத்தோடு ஒருவர்மேல் ஒருவர் பயிற்சி செய்ய வைத்தார். 'ஜுத்சு', அதாவது வித்தை என்ற சொல்லை விட்டு 'டோ', அதாவது வழி என்ற சொல்லைச் சேர்த்தார். கோ என்ற பலகை ஆட்டத்தில் இருந்த 'டான்' என்ற தரவரிசையை எடுத்து வந்தார். கருப்பு பெல்ட்டும் அவர் ஏற்பாடுதான். இன்று உலகம் முழுக்கக் கராத்தே, டேக்வாண்டோ என்று எதைக் கற்றாலும் கட்டுகிற பெல்ட், போடுகிற வெள்ளை உடை, எண்ணுகிற டான் எல்லாமே அந்தப் பன்னிரண்டு பாயிலிருந்து வந்தவை. பண்டைக் காலத்துச் சடங்கு என்று நாம் நினைப்பதில் பாதி, ரயில் வந்த பிறகு வந்தது.

ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல், தன் 53-வது வயதில், ஓர் உடற்பயிற்சிக் கண்காட்சியில் செய்துகாட்ட தோக்கியோவுக்கு வந்தார். இதோசுவின் மாணவர் அவர். கானோ அழைத்து கொடோகனில் செய்துகாட்டச் சொன்னார். ஊருக்குத் திரும்பிவிடும் எண்ணத்தில் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஜூடோவின் உடையையும் டானையும் எடுத்துக்கொண்டார். 1924-ல் முதல் கருப்பு பெல்ட்களைக் கொடுத்தார். பெயர்களையும் மாற்றினார். பினான் ஹெயான் ஆனது. நைஹாஞ்சி டெக்கி ஆனது. குஷாங்கு என்ற கட்டா, ஒரு சீனரின் பெயரில் இருந்தது, கான்கு ஆனது. தோக்கியோ மாணவர்களின் வாயில் நுழையாத பெயர்கள் என்று அவர் காரணம் சொல்லலாம். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

கராத்தே என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கரா' என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துகள் பொருந்தும். ஒன்று டாங், அதாவது சீனம். இன்னொன்று வெறுமை. 1905-லேயே ஹனாஷிரோ சோமோ என்ற ஒகினாவா ஆசான் வெறுமை என்ற எழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறார். ஆனால் சீன எதிர்ப்பு ஜப்பானில் உச்சத்துக்கு ஏறிய 1930களில்தான் அது நிலைத்தது. 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் ஒரு செய்தித்தாள் கூட்டிய சந்திப்பில், ஒகினாவா ஆசான்களே உட்கார்ந்து பேசி, இனி வெறுங்கை என்ற பொருளில்தான் எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். மறு வருஷம் சீனாவோடு போர். உச்சரிப்பில் ஒரு மாற்றமும் இல்லாமல், பெயரிலிருந்து ஒரு நாடு காணாமல் போனது.

ஃபுனாகோஷியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒகினாவாக்காரர்களைத் தாழ்வாகப் பார்த்த தோக்கியோவில், தன் ஊர்க் கலைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். வெறுமை என்பதற்கு அவர் சொன்ன பௌத்த விளக்கத்திலும் ஆழம் உண்டு. ஆனாலும் சீனக் கை என்ற பழைய பெயரில் இருந்த நன்றி, புதியதில் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

இப்போது கொரியா. 1907-ல் ஜப்பானின் நெருக்கடியால் கொரிய ராணுவம் கலைக்கப்பட்டது, 1910-ல் நாடே போனது. பள்ளிகளில் ஜூடோவும், கெண்டோ என்ற ஜப்பானிய வாட்பயிற்சியும் வந்தன. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் அங்கே கராத்தே கற்றார்கள். லீ வொன்குக் ஃபுனாகோஷியிடம் கற்றுவிட்டு 1944-ல் சியோலில் சொங்தோக்வான் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ரோ பியொங்ஜிக்கும் ஃபுனாகோஷியின் மாணவர்தான். அதே ஆண்டு கேசொங் நகரத்து வில்வித்தைக் கூடம் ஒன்றில் சொங்மூக்வானைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின், ரயில்வேயில் வேலை பார்த்த ஹ்வாங் கீ, 1945-ல் மூதொக்வானைத் தொடங்கினார். காய்கறிக் கடை மாடியிலிருக்கும் எங்கள் கூடம் அந்த மரபில் வந்தது.

இவர்கள் தங்கள் கலையை டாங்சூடோ அல்லது கொங்சூடோ என்று அழைத்தார்கள். முதலாவது, சீனக் கை என்ற பழைய எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு. இரண்டாவது, வெறுங்கை என்ற புதிய எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு. ஆக, நான் பலகையில் பார்த்த 'டாங்சூடோ' என்பது கராத்தே என்ற சொல்லேதான்! அதுவும், ஜப்பான் 1936-ல் கைவிட்ட பழைய எழுத்தோடு. ஜூடோவை யூடோ என்பார்கள், கெண்டோவை கும்டோ. ஹாப்கிடோ என்ற இன்னொரு கொரியச் சண்டைக்கலையை எழுதும் மூன்று எழுத்துகளும் ஜப்பானின் ஐகிடோவுக்கு உரியவைதான். கண்ணால் படித்தால் ஒன்று, காதால் கேட்டால் வேறு.

1955 ஏப்ரல் 11 அன்று கூடிய ஒரு குழுவில் ஜெனரல் சோய் ஹொங்ஹி ஒரு புதுப் பெயரை முன்வைத்தார். அவரும் ஜப்பானில் கராத்தே கற்றவர். 'டே' என்றால் காலால் மிதிப்பது, 'க்வொன்' என்றால் கைமுட்டி. டேக்வொன். இது தெக்கியொன் என்ற பழைய கொரிய உதைவிளையாட்டின் பெயருக்கு ஒலியில் நெருங்கி வரும்படி தேர்ந்தெடுத்தது. எல்லாப் பள்ளிகளும் உடனே ஏற்கவில்லை. 1961-ல் சங்கம் அமைத்தபோது சமரசமாக டேசூடோ என்று வைத்தார்கள். 1965-ல்தான் டேக்வாண்டோ என்று முடிவானது. 1972-ல் சோய் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் கட்டி முடிந்தது, 1973-ல் உலகக் கூட்டமைப்பு வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டி, 2000 சிட்னியில் பதக்கப் போட்டி. கராத்தே அந்த இடத்துக்கு வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் பழைய கட்டாக்களையும் எடுத்துவிட்டார்கள். முதலில் பல்குவே, பிறகு டேகுக் என்று புதிய வரிசைகள். ஆனால் டேகுக்கில் முதலாவதைச் செய்து பாருங்கள். இடப்பக்கம் திரும்பிக் கீழே தடுத்து, ஓரடி வைத்துக் குத்து. பின்பக்கம் திரும்பி மறுபடி அதே. நிற்கும் நிலை உயர்ந்துவிட்டது, நடை இயல்பாகிவிட்டது. தொடக்கம் மட்டும் இதோசுவுடையதுதான்.

இதோடு ஒரு கதையும் சேர்த்தார்கள்: டேக்வாண்டோ இரண்டாயிரம் வருஷப் பழமை, பழைய கொரியாவின் சில்லா அரசில் ஹ்வாராங் என்ற இளைஞர் படையினர் பயின்றது என்று. சொக்குராம் குகைக் கோயிலில் கையை ஓங்கி நிற்கும் 8-ஆம் நூற்றாண்டு வீரர் சிலைகளைச் சான்றாகக் காட்டுவார்கள். நான் போய்ப் பார்த்தேன். மிக அழகான சிலைகள். ஆனால் அவர்கள் பௌத்தக் கோயிலின் வாயிற்காவலர்கள். நாரா நகரில் தோதாய்-ஜி வாசலிலும் இதே காவலர்கள் நிற்கிறார்கள். நம் கோயில் துவாரபாலகர் ஓங்கிய கையைக் காட்டி, அது சிலம்பத்தின் எத்தனையாவது அடி என்று கேட்பது மாதிரிதான் இது.

நமக்கும் இந்த ஆசை உண்டு. என் கராத்தே வகுப்பில் போதிதர்மர் படம் மாட்டியிருந்தது. காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர்தான் சீனாவின் ஷாவொலின் மடத்தில் எல்லாவற்றையும் ஆரம்பித்தார் என்று நம்பித்தான் வளர்ந்தேன். ஃபுனாகோஷிகூட அந்தக் கதையை எழுதியிருக்கிறார். ஆனால் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. சண்டைக்கலை பற்றி இரண்டிலும் பேச்சே இல்லை. அந்தத் தொடர்பு ஏறத்தாழ ஆயிரம் வருஷம் கழித்து, 1624-ஆம் ஆண்டு தேதியிட்ட ஓர் உடற்பயிற்சி நூலில்தான் வருகிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதனால்தான் ஹ்வாராங் கதையைச் சொல்லும் கொரியரிடம் நான் வாதாடுவதில்லை.

அவர்களுடைய காயமும் சாதாரணமானதல்ல. 1940-ல், ஜப்பானியப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. தன் பெயரையே பறிகொடுத்த ஒருவர், ஐந்து வருஷம் கழித்து விடுதலையான நாட்டில் நின்றுகொண்டு, "நான் சொல்லித்தருவது ஜப்பானில் கற்றது" என்று எப்படிச் சொல்வார்? எதிர்த் திசையிலும் இது நடந்தது. 1923-ல் கொரியாவில் பிறந்து, பதின்ம வயதில் ஜப்பானுக்குப் போன சோய் யொங்உய், ஓயாமா மசுதத்சு என்ற பெயரில் கியோகுஷின் கராத்தேயை உருவாக்கினார். முழு வேகத்தில் மோதும் அந்தக் கராத்தேயை ஜப்பானிய உரத்தின் அடையாளமாக உலகம் கொண்டாடியது. அதை உருவாக்கியவர் ஒரு கொரியர்.

உண்மையிலேயே கொரியாவில் பழையது என்று இருப்பவை அமைதியாக ஒதுங்கி நிற்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் மல்லுக்கட்டும் சிரும், 2018-ல் வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. தெக்கியொன், 1893-ல் பிறந்த சொங் தொக்கி என்ற ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய தனியாகத் தங்கியிருந்தது. 1983-ல் அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது. 1987-ல் இறந்தார். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது. முக்கோணமாக அடிவைத்து, நடனம்போல அசைந்து, "இக்கு, எக்கு" என்று குரல் கொடுத்து, காலை வாரிவிடும் ஆட்டம் அது. கராத்தேயோடு ஓர் அசைவுகூட ஒட்டாது. அதைப் பார்த்துவிட்டு டேக்வாண்டோவின் கட்டாக்களைப் பார்த்தால், எது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1957-ல் ஹ்வாங் கீ நூலகத்தில் ஒரு பழைய நூலைக் கண்டெடுத்தார். 'முயே தோபோ தோங்ஜி'. 1790-ல் ஜங்ஜோ மன்னர் ஆணையிட்டுத் தொகுத்த, படங்களோடு கூடிய போர்க்கலைக் கையேடு. கொரியாவின் சொந்த வேர் கிடைத்துவிட்டது என்று அவர் தன் கலையின் பெயரையே, கொரியாவின் பழைய கைச்சண்டையைக் குறிக்கும் சுபாக் என்று மாற்றத் தொடங்கினார். நான் அந்த நூலின் வரலாற்றைத் தேடிப் படித்ததும், எனக்கு இந்த விஷயம் முழுக்க வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

ஜங்ஜோவின் தந்தை சாதோ இளவரசர். 1762-ல் அவருடைய சொந்தத் தகப்பனான மன்னர் யொங்ஜோ, அவரை அரிசிப் பெட்டியில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார். கொடுங்கோடை. எட்டு நாள். அப்போது ஜங்ஜோ பத்து வயதுகூட நிரம்பாத பையன். அந்தச் சாதோ இறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், 1759-ல், பதினெட்டுப் போர்முறைகளைத் தொகுத்து வைத்திருந்தார். மகன் அரியணை ஏறியபின், அந்தப் பதினெட்டோடு குதிரைமேல் செய்யும் ஆறு முறைகளைச் சேர்த்து இருபத்துநான்காக்கினார். தந்தையின் சமாதியைச் சுவொன் பக்கம் மாற்றி, 1794 முதல் 1796 வரை ஹ்வாசொங் கோட்டையையும் எழுப்பினார். அந்தக் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

நூலைத் தொகுத்த மூவர்: யி தொக்மு, பாக் ஜேகா, பெக் தொங்சு. முதல் இருவர் அறிஞர்கள், மூன்றாமவர் படைவீரர். மூவருமே மூத்த மனைவி வழியில் வராத குடும்பங்கள், ஆகவே உயர்பதவிக் கதவு அடைபட்டவர்கள். நான்கு தொகுதிகள் சீன எழுத்தில். அது தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று ஐந்தாவதைக் கொரிய எழுத்திலேயே போட்டார்கள்.

இருபத்துநான்கில் வெறுங்கைக்கு ஒதுக்கியது ஒன்றே ஒன்றுதான். மற்றவை ஈட்டி, வாள், கேடயம், குதிரை. அந்த வெறுங்கைப் பகுதியும் சி ஜிகுவாங் என்ற சீனத் தளபதியின் நூலை ஒட்டியது. பெரும் போரில் கைச்சண்டைக்குப் பயனில்லை, ஆனால் கைகால்களைப் பழக்க உதவும் என்ற அவருடைய கருத்தையும் சேர்த்தே எடுத்து எழுதியிருக்கிறார்கள். என்னை நிறுத்தியது வாள் பகுதி. தலைப்புகளைப் பாருங்கள். 'பொங்குக் கொம்', நம் நாட்டு வாள். 'ஜேதொக் கொம்', சீனத் தளபதி லி ருசொங் வழி வந்தது. அப்புறம் 'வே கொம்'. ஜப்பானிய வாள்.

1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவைச் சூறையாடின. நெருக்கத்தில் வந்தால் ஜப்பானிய வாளுக்குக் கொரியச் சிப்பாய்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் இந்தக் கையேட்டு மரபே. பின்னர் சுக்ஜோங் மன்னர் காலத்தில் கிம் சேகொன் என்ற வீரர் தூதுக்குழுவோடு ஜப்பானுக்குப் போய், வாள் முறைகளைக் கற்று, அவற்றின் நூல்களைக் கொண்டுவந்தார். நான்கு ஜப்பானிய மரபுகள், அவற்றின் பெயர்களோடு இந்த நூலில் இருக்கின்றன. இருவர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சியும் அவர் வழி வந்தது. எதிரியிடமிருந்து கற்றோம், இன்னாரிடம் கற்றோம், கற்றுவந்தவர் இவர் என்று ஓர் அரசே அச்சிட்டு வைத்திருக்கிறது. தன் நாட்டு வாளையும் சீன வாளையும் ஜப்பானிய வாளையும் ஒரே அட்டைக்குள், அவரவர் பெயரில்.

போன இலையுதிர் காலத்தில் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு ஹ்வாசொங் அரண்மனை முன்றிலுக்குப் போனேன். அந்த இருபத்துநான்கு முறைகளையும் அங்கே பழைய சிப்பாய் உடையில் செய்துகாட்டுகிறார்கள். வைக்கோல் கட்டுகளை வெட்டினார்கள், ஈட்டி வீசினார்கள். பிறகு இருவர் எதிரெதிரே வந்தார்கள். ஒலிபெருக்கியில் "வே கொம்" என்று அறிவிப்பு. பக்கத்தில் ஒரு பள்ளிப்பையன் தன் அம்மாவிடம், ஜப்பான் வாளா என்று கேட்டான். ஆமாம் என்றாள். வாள்கள் மோதின, கூட்டம் கைதட்டியது. ஆசிரியர் மடியில் கைகளை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பேருந்தில் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் வெள்ளைப்பலகையில் வழக்கம்போல அன்றைய பாடத்தை எழுதினார்: பியங்ஆன் சோதான். பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து, அதன் கீழே சின்னதாக இரண்டு சொற்களைச் சேர்த்தார்: இதோசு, ஒகினாவா. புதிதாகச் சேர்ந்த ஒருவர் யார் அது என்று கேட்டார். "பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்" என்றார் ஆசிரியர். என்னை முன்வரிசைக்கு வரச் சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தார். ஹனா, துல், செத்.